நாலாவது பாட்டில் ஒரு டிக்

கண்ணாடிக் கடையில் அவர் கண்ணைச் சோதிக்கிறவர். இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, மூக்கின் மேல் கனமான சட்டத்தை ஏற்றி, ஒரு லென்ஸைப் போட்டு எடுத்து இன்னொன்றைப் போட்டு, "மொதலாவதா, ரெண்டாவதா?" என்று கேட்பார். இருபத்தோரு வருடமாக இதே கேள்வி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாய் இதைத்தான் சொல்லும்.

இந்தத் தொழிலில் அவருக்கு ஒரு சின்னத் திருட்டுத்தனம் உண்டு. எதிரே இருப்பவர் நிஜமாகவே பார்த்துச் சொல்கிறாரா, இல்லை தோற்றுவிடக் கூடாதே என்று அடித்துவிடுகிறாரா என்று சந்தேகம் வந்தால், எடுத்த லென்ஸையே துடைப்பதுபோலப் பாவனை செய்து மறுபடி போடுவார். முக்கால்வாசிப் பேர், "ரெண்டாவதுதாங்க பளிச்சுனு இருக்கு" என்பார்கள். அவர் இருட்டில் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவருக்கு உடம்பு கூசுகிறது.

வீட்டில் அவருக்குச் செவியார் என்று பெயர். வைத்தது மனைவி. சமையலறைக் குழாய் ராத்திரி பகலாகச் சொட்டுவது அவருக்குக் கேட்காது. முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய பாப் பாட்டில் டிரம்ஸ்காரர் குச்சி மாற்றியது கேட்கும். "செவியாரே, கேஸ் தீர்ந்து அரை மணி நேரமாச்சு. அது ஏதாவது சத்தம் போட்டுச்சா?" என்பாள். அவருக்குக் கோபம் வராது. உள்ளூரப் பெருமைதான்.

கூடத்தின் ஒரு சுவர் முழுக்க சி.டி. அறுபது எழுபது ஆல்பம் இருக்கும். ஆனால் டப்பாக்கள் முந்நூறுக்கு மேல். ஒரே ஆல்பம் ஐந்து தடவை, ஆறு தடவை. பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் என்று தோன்றும். ஒரே பாட்டுத்தான், ஆனால் வேறு வேறு தொழிற்சாலையில், வேறு வேறு வருடத்தில் அடித்த தட்டுகள். முதல் அச்சில் குரல் பக்கத்தில் நிற்கும், பிந்தைய அச்சில் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடும் என்பது அவருடைய கட்சி. அட்டை ஒன்று, தட்டின் மேல் படமும் ஒன்று. திருப்பிப் பிடித்தால் நடு ஓட்டையைச் சுற்றிக் கண்ணாடிபோல ஒரு வளையம்; அதில் எறும்பு வரிசைபோலப் பொறித்த எண். எந்த அச்சு என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியில் அதைப் படித்து நோட்டில் எழுதி, இணையத்தில் தன்னைப் போன்ற ஆட்கள் கூடும் ஒரு குழுவில் விமர்சனமும் போடுவார். அவர் சொல்லை நம்பித் தட்டை மாற்றியவர்கள் அங்கே உண்டு.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். மனைவியின் தங்கை கணவர், லிஃப்ட் மெக்கானிக். ஆளுக்கு மொத்தமே ஒரு சி.டி.தான் சொத்து. முதல் மாதச் சம்பளத்தில் வாங்கியது. காரில் எப்போதும் அதுதான் ஓடும். கூடவே சகலையும் பாடுவார். வார்த்தை தெரியாத இடத்தில் நானானா போட்டு, ஜன்னல் கண்ணாடி அதிர. அந்த ஆல்பத்தின் முதல் அச்சு செவியாரிடம் இருந்தது. சகலையிடம் இருந்தது பிந்தைய அச்சு. விடுவாரா?

"காரிலிருந்து அதை எடுத்துட்டு வாங்க சகலை. இன்னைக்கு உங்களுக்கு ஒரு வித்தியாசம் காட்டறேன்."

சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஒன்றைப் போட்டார், எடுத்தார், மற்றதைப் போட்டார். "மொதலாவதா, ரெண்டாவதா?"

சகலை நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே கவனித்துக் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, அண்ணா."

"உங்களுக்கெல்லாம் காது எதுக்குத் தெரியுமா சகலை? கண்ணாடி மாட்டறதுக்கு."

கூடமே சிரித்தது. மனைவி சிரித்தாள், மச்சினி சிரித்தாள், சகலையின் சின்ன மகள் எதற்கென்று தெரியாமல் கைதட்டிச் சிரித்தது. சகலையும் நழுவிய கண்ணாடியை ஒரு விரலால் ஏற்றிவிட்டுக்கொண்டு சிரித்தார். அந்தக் கண்ணாடியும் செவியார் கடையில் போட்டதுதான்.

சிரிப்பு கிடைத்ததும் செவியாருக்குத் தலைகால் புரியவில்லை. "இது செத்த டிஸ்க். இதைக் கேட்டுக் கேட்டுத்தான் உங்க காது இப்படி ஆயிருக்கு. இங்கயே விட்டுட்டுப் போங்க, டீ டம்ளர் வைக்கவாவது ஆகும்."

"சரிண்ணா," என்று விட்டுவிட்டுப் போனார் சகலை. விளையாட்டுக்குச் சொன்னதாகத்தான் முதலில் இருந்தது. அடுத்த வாரமே அது டம்ளருக்கு அடியில் போய்விட்டது.

அதற்குச் சில நாள் கழித்து ஓர் அற்புதம் நடந்தது. ஸ்பீக்கருக்குப் புது ஒயர் மாற்றிய வாரம். முதல் அச்சைப் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நாலாவது பாட்டில், இரண்டாவது சரணம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், டிக். இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை. ஒயரின் மகிமை என்று நினைத்தார். நாலு தடவை, எட்டுத் தடவை கேட்டார். பிறகு குழுவில் எழுதினார்: "பாடகி மூச்சிழுக்கும்போது அவளுடைய மோதிரம் மைக் கம்பியில் படும் ஓசை. முதல் அச்சில் மட்டுமே கேட்கும். காது உள்ளவர்கள் கேட்கட்டும்." பதினோரு பேர், ஆமாம், எனக்கும் கேட்கிறது என்று பதில் போட்டார்கள்.

அதன்பின் சகலை வரும்போதெல்லாம் அந்தப் பாட்டைப் போடாமல் விட்டதில்லை.

"மோதிரம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுண்ணா."

"உங்க டிஸ்க்ல இது வராது."

"வராதுதான்," என்பார் சகலை, தரையைப் பார்த்துக்கொண்டு.

போன வாரம் ஒரு நாள் கடைக்கு விடுமுறை. குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர், அந்த மோதிரத் தட்டின் உள்வளையத்தைப் படம் எடுத்துப் போட முடியுமா என்று பணிவாகக் கேட்டிருந்தார். செவியார் குஷியாகத் தட்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, பூதக்கண்ணாடியை வைத்தார்.

எண் வேறாக இருந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். நோட்டை எடுத்து ஒப்பிட்டார். பிந்தைய அச்சு. வேறு டப்பாவுக்கு மாறியிருக்குமோ என்று அந்த வரிசை முழுக்கத் திறந்து பார்த்தார். இல்லை. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி மேஜையைப் பார்த்தார். பாதி குடித்த டம்ளர் இருந்தது. அதைத் தூக்கி அடியிலிருந்த தட்டை எடுத்துப் பனியனில் துடைத்தார். ஒன்றுக்குள் ஒன்றாகத் தேநீர் வளையங்கள், நாலு வருடத்து வளையங்கள். நடுவில் அவருக்கு மனப்பாடமான எண்.

அன்றைக்குச் சிரிப்புச் சத்தத்தில் டப்பா மாற்றிப் போட்டிருக்கிறார். எந்தத் தட்டையும் வளையம் பார்க்காமல் உள்ளே வைக்காதவர், அன்று ஒரு நாள் பார்க்கவில்லை. அப்படியானால் நாலு வருடமாக அவர் கண்மூடிக் கேட்டது செத்த டிஸ்க்கை. குரல் பக்கத்தில் நிற்கிறது என்று எழுதியது அதைப் பற்றி. துடைத்துவிட்டு மறுபடி போட்ட அதே லென்ஸ்.

மோதிரம்? டார்ச் அடித்துப் பார்த்தார். தலைமுடி ஒன்று ஒட்டியதுபோல நீளமாக ஒரு கீறல்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றாள் மனைவி. சொன்னார். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் தேவலை.

"பாவம் அவர்," என்றாள்.

குழுவில் அன்றைக்கே எழுதிவிட்டார்: மோதிரம் இல்லை, கீறல்; தவறு என்னுடையது. இரண்டு பேர், இருந்தாலும் எங்களுக்கு மோதிரம் கேட்கத்தான் செய்கிறது என்று பதில் போட்டார்கள். முகம் தெரியாதவர்களிடம் வெட்கப்படுவது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. சகலையிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவையும் மச்சினியிடம் நலம் விசாரித்துவிட்டு வைத்தார்.

வியாழக்கிழமை மதியம் கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு, இரண்டு தட்டையும் கண்ணாடிக் கடைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனார். சகலைக்கு அன்று வேலை என்று மச்சினி சொன்ன ஒன்பது மாடிக் குடியிருப்பு. கீழ்த்தளத்தில் லிஃப்ட் வாசலில் "பழுது" என்று அட்டை தொங்கியது. சகலை மூடிய லிஃப்ட் கதவில் கன்னத்தை ஒட்டிவைத்து நின்றிருந்தார். காவல்காரர் ஏதோ பேச வாயெடுக்க, சகலை ஒரு விரலைத் தூக்கினார். மேலே எங்கேயோ எதுவோ நகர்ந்தது.

"ஆறாவது மாடி. கதவுச் சக்கரம் ஒண்ணு தேஞ்சிருக்கு," என்றார் சகலை.

"எப்படி சார் இங்கேருந்தே சொல்றீங்க?" என்றார் காவல்காரர்.

"அழுதுட்டே போகுதே, கேக்கலையா?"

செவியாருக்கு அங்கேயே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. இந்த மனிதருக்குக் காதுதான் சோறு போடுகிறது. அது தனக்கு அன்று கேலி செய்தபோதும் தெரிந்துதான் இருந்தது.

"என்னண்ணா, அதிசயமா இருக்கு? அக்கா நல்லாத்தானே இருக்காங்க?"

"எல்லாரும் நல்லாத்தான். சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்." இந்தப் பக்கம் அவருக்கு ஜென்மத்தில் வேலை கிடையாது.

சகலை கருவிப் பெட்டியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, தான் படியில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தார். காவல்காரர் கேட்டுக்குப் போகும்வரை செவியார் காத்திருந்தார்.

"அந்த டிஸ்க், சகலை. மாறிப்போச்சு. அன்னைக்கு டப்பா மாத்திப் போட்டுட்டேன். இத்தனை நாளா நான் கேட்டுக்கிட்டிருந்தது உங்களோடது."

சகலை வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"தெரியும்ணா."

"எப்போலேருந்து?"

"நீங்க மோதிரம்னு சொன்ன அன்னைலேருந்து." கொஞ்சம் தயங்கினார். "பாப்பாவுக்கு ரெண்டு வயசுல, டிஸ்க்கைத் தரையில போட்டு வண்டி ஓட்டிட்டா. அப்புறம் கார்ல அந்த இடம் வந்தா, என் டிக், என் டிக்னு குதிப்பா. எங்க வீட்டு டிக் எனக்குத் தெரியாதாண்ணா?"

"ஏன் சொல்லலை?"

"கண்ணை மூடிக்கிட்டு, தலையை இப்படிச் சாய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். அந்த நேரத்துல பாப்பா தேய்ச்சதுன்னு எப்படிச் சொல்ல?" பிறகு லேசாகச் சிரித்தார். "சொல்லியிருந்தா நீங்க மறுபடி டெஸ்ட் வெச்சிருப்பீங்க."

செவியாரால் சிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் தரையைப் பார்த்துக்கொண்டு "வராதுதான்" என்று சொன்ன முகம் நினைவுக்கு வந்தது. தோற்ற முகம் என்று நினைத்திருந்தார். செவியாரின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த முகம் அது.

"காதைப் பத்தி ஒண்ணு சொன்னேன். எல்லார் முன்னாடியும்."

"எதுண்ணா?" என்றார் சகலை. ஆனால் கை டிபன் டப்பாவின் மூடியைத் தேவையில்லாமல் திறந்து மூடியது.

"இப்போ கார்ல என்ன கேக்கறீங்க?"

"நியூஸ் கேப்பேன்."

"பாடறது?"

"அதெல்லாம் இல்லைண்ணா. வாயைத் திறந்தா பாப்பாவே சொல்லிடறா, அப்பாவுக்குக் காது கண்ணாடி மாட்டத்தானேன்னு. குழந்தைதானே. கேட்டதைத் திருப்பிச் சொல்லுது."

காவல்காரரின் ரேடியோவில் யாரோ போக்குவரத்து நெரிசல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். செவியார் பையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் இரண்டு பஸ் மாறி வந்தார். அந்த வார்த்தை வந்தபோது, கடையில் லென்ஸ் தாமதமானால் வாடிக்கையாளரிடம் சொல்கிற குரலிலேயே வந்தது. அவருக்கே கேட்டது. அதனால் இன்னொரு தடவை சொன்னார். இரண்டாவது தடவை குரல் உடைந்தது.

"விடுங்கண்ணா," என்றார் சகலை.

"வீட்டுக்கு வந்து பாப்பாகிட்ட நானே சொல்றேன். நான்தான் தப்பாச் சொன்னேன்னு."

சகலை வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை வாங்க," என்றார்.

செவியார் இரண்டு தட்டையும் எடுத்து நீட்டினார். துடைத்திருந்ததில் இப்போது இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. எது எது என்று பார்க்க வளையத்தைத் தேடிக் கண்ணைச் சுருக்கினார், பூதக்கண்ணாடியைக் கொண்டுவரவில்லை. அதற்குள் சகலை ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்து, கீறலின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதுதான்," என்று சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். குனிந்ததில் கண்ணாடி மூக்கு நுனிக்கு நழுவியது. ஒரு விரலால் ஏற்றிவிட்டார், மறுபடி நழுவியது.

"எவ்வளவு நாளா இப்படி நழுவுது?"

"ரொம்ப நாளாவே அப்படித்தான்."

"சொல்றதுக்கென்ன?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்று நினைத்தார். "கழட்டுங்க."

கண்ணாடியின் காதுக்கம்பியை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, வளைவைக் கொஞ்சம் இறக்கி, தன் கையாலேயே மாட்டிவிட்டார். காதின் பின்பக்கம் கம்பி அழுத்தி அழுத்திச் சிவந்த தடம் இருந்தது. விரல் அதைத் தொட்டபோது அவரால் சகலையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எடுத்து இன்னும் கொஞ்சம் வளைத்து மறுபடி மாட்டினார். வாய் பழக்கத்தில் அந்தக் கேள்விக்குத் திறந்தது. மூடிக்கொண்டார்.

சகலை தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, அண்ணா," என்றார்.