கை மூடி நின்ற நேரம்

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்குக் குரல் இல்லை. அதனால் எழுதித் தருகிறேன். கூட்டாமலும் குறைக்காமலும் வாசிக்கும்படி போதகர் ஐயாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் நாசரேத் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள ஆசிரியராக இருந்தவன். நிரந்தர உத்தியோகம். 1966 ஜனவரியில் சளியோடு குரல் கம்மியது. சளி போய்விட்டது; குரல் திரும்பவில்லை. பாளையங்கோட்டை டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார். ஒரு பக்கத்து நரம்பு செயல் இழந்துவிட்டது, இனி இவ்வளவுதான் என்றார். காதருகே வந்தால் மட்டும் கேட்கிற கிசுகிசுப்பு மிஞ்சியது.

அன்று முதல் என் ஜெபம் ஒன்றே ஒன்று. ஆண்டவரே, என் குரலைத் திருப்பித் தாரும். வேறு எதையும் கேட்கவில்லை. உபவாசம் இருந்தேன். பெரியவர்கள் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் என் மனைவி எஸ்தரின் பெயரைச் சொல்லிப் பார்ப்பேன். அடுப்படியில் இருப்பவளுக்கு அது எட்டாது.

பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் வெளியே அனுப்பவில்லை. வகுப்பில் உட்கார்ந்திருந்தால் போதும் என்றார் தலைமையாசிரியர். ஆனால் என் பாடங்களை யாராவது எடுக்க வேண்டுமே. வயிற்றில் பிள்ளையோடு இருந்த ஒரு டீச்சர் தன் வகுப்பை முடித்துவிட்டு என் வகுப்புக்கும் வந்து நின்று பாடம் நடத்தினார். அவர் பருவக்காற்றைப் பற்றிச் சொல்லச் சொல்ல நான் படத்தில் கோல் வைத்துக் காட்டுவேன். மூச்சு வாங்கி அவர் மேஜையைப் பிடித்துக்கொள்வார். பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் கேலி இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மே மாதம் ராஜினாமா எழுதினேன். எஸ்தரின் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மாப்ள, உக்காந்திருந்தாலும் மாசம் பிறந்தா சம்பளம் வருது. பென்சன் இருக்கு. அத விட்டுட்டுத் துறைமுகத்துக்கு மூட்டை எண்ணப் போறேன்னு சொல்லுதியளே, தொண்டையோட புத்தியும் போயிட்டா?"

எஸ்தர்தான் எனக்காகப் பதில் சொன்னாள்.

"அண்ணே, பட்டினி கெடந்தாலும் கெடப்போம். அந்த வகுப்புல இவுக கோலப் புடிச்சுக்கிட்டு நிக்கத நீ பாத்ததில்ல. நான் பாத்துட்டு வந்தேன்."

ஜூன் மாதம் துறைமுக ஊரில், மில்லர்புரத்தில் ஒரு அறை எடுத்துக் குடிவந்தோம். எனக்குக் கிடைத்தது தற்காலிக வேலை. கப்பலில் நின்று, இறங்கும் சரக்கைச் சரிபார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கப்பல் நின்றால் வேலை உண்டு. கப்பல் நங்கூரம் எடுத்தால் வேலையும் அதோடு போகும். அடுத்த கப்பலுக்குக் கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. சில வாரங்கள் கூப்பிடவில்லை. எஸ்தர் தையல் எடுத்துச் செய்தாள். என் ஜெபம் மாறவில்லை. குரல் வந்தால் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிடலாம் என்று எண்ணிக்கொண்டேன்.

அன்றைக்கெல்லாம் கப்பல்கள் கரைக்கு வராது. ஆழம் பார்த்துக் கடலில் தள்ளியே நிற்கும். தோணிகள் போய் அதன் பக்கத்தில் அணைந்து சரக்கை வாங்கிவரும். கப்பல் தளத்தில் பாரம் தூக்கி இறக்கும் விஞ்ச் இயந்திரம் இருக்கும். அதை ஓட்டுபவருக்குக் கீழே இருக்கும் தோணி தெரியாது. கப்பலின் ஓரத்தில் ஒருவர் நின்று கை காட்டுவார். அந்தக் கையை மட்டும் பார்த்து விஞ்ச் ஓடும். விரலை மேல்நோக்கிச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்கு. கையை மூடினால் அப்படியே நிறுத்து. காற்றிலும் விஞ்ச் இரைச்சலிலும் அங்கே யாருடைய தொண்டையும் உதவாது.

எங்கள் கப்பலில் கை காட்டியவர் அந்தோணி. பெரிய மீசை, முன்கோபக்காரர். அவருடைய தம்பி சூசை தோணியில் நின்று சரக்கை வாங்குவான். என்னை முதலில் பார்த்ததும் சூசை தோணியிலிருந்தே சொன்னான்:

"ஏலே, வாத்தியார்ட்ட மெதுவாப் பேசுங்கல. கோவம் வந்து அவரு கத்திட்டா கப்பலு கவுந்துரும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. குரல் போனபின் முதன்முதலாக அன்றுதான் சிரித்தேன்.

வேலை இல்லாத நேரத்தில் அந்தோணியின் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். தோணி அலையில் ஏறும், இறங்கும். அலையின் உச்சியில் தூக்கத் தொடங்கினால் தோணி கீழே இறங்க, பாரம் அலுங்காமல் விலகும். பள்ளத்தில் இருக்கும்போது தூக்கினால் ஏறிவரும் தோணி பாரத்திலேயே மோதும். பல வருஷம் பிள்ளைகளுக்குக் கடல் அலையைப் படம் போட்டுக் காட்டியவன் நான். இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம். மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று கடுமையாக இருந்த ஒரு வியாழக்கிழமை. இயந்திரப் பெட்டி ஒன்றை இறக்கினார்கள். பெட்டி தோணியில் உட்கார்ந்து, கம்பி தளர்ந்த நேரத்தில் தோணி சரிந்தது. பெட்டி வழுக்கிப் போய் சூசையின் காலைத் தோணியின் பக்கப் பலகையோடு வைத்து நெரித்தது. அவன் போட்ட சத்தம் காற்றை மீறி மேலே கேட்டது.

அந்தோணி தான் நின்ற இடத்தை விட்டு ஓடினார். கைப்பிடிக் கம்பியில் பாதி உடம்பு வெளியே தொங்க, "தூக்குல, தூக்குல" என்று கத்தினார். தளத்தில் இருந்தவர்கள் ஒருவர் தூக்கு என்றார், ஒருவர் இறக்கு என்றார். விஞ்ச் ஓட்டுபவர் எழுந்து நின்றுகொண்டு, பார்க்க ஒரு கை இல்லாமல் விழித்தார். தூக்கவோ இறக்கவோ ஏதோ ஒரு பிடியை இழுத்துவிடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

நான் போய் அந்தோணி நின்ற இடத்தில் நின்றேன். அது என் வேலை இல்லை. கையை உயர்த்தினேன். விஞ்ச் ஓட்டுபவர் என் கையைப் பார்த்தார். நான் கையை மூடினேன்.

தோணி பள்ளத்தில் கிடந்தது. ஒரு அலை வந்தது, சிறியது. அது போதாது. அதை விட்டேன். சுற்றிலும் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். ஒருவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். சூசை மல்லாந்து கிடந்தபடி நேரே மேலே பார்த்தான். அவன் பார்த்தது என் முகத்தை அல்ல, மூடியிருந்த என் கையை.

அப்போது நான் குரல் கேட்டு ஜெபிக்கவில்லை. ஆண்டவரே, இந்தக் கை நடுங்காமல் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டேன். அடுத்த அலை இதற்கு மேல் வராவிட்டால் அவனைக் கொன்றவன் நான்தான் என்று தெரிந்தே கேட்டேன்.

பெரிய அலை வந்தது. தோணி ஏறியது. உச்சிக்கு வந்ததும் விரலைச் சுழற்றினேன். கம்பி விறைத்தது. தோணி கீழே போனது. பெட்டி அவனை விட்டு நேராக எழும்பியது. கை நடுங்கவில்லை. எல்லாம் முடிந்தபின்தான் கையை இறக்கினேன்.

சூசை பிழைத்தான். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு திரும்பாமலே கேட்டான்:

"நான் செத்துக்கிட்டு கெடக்கேன். நீரு கைய மூடிக்கிட்டு நின்னீரே வாத்தியாரே. உமக்கு மனசு கல்லா?"

அலையைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வார்டின் சத்தத்தில் என் கிசுகிசுப்பு அவனுக்கு எட்டவில்லை. வாங்கிப் போன சாத்துக்குடியைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அன்று இரவும் அதன்பின் பல இரவுகளும் எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலில் நிற்பேன், சூசையின் கேள்விதான் வரும். ஒருநாள் நிற்கும்போது எனக்கே உறைத்தது. அந்தக் கேள்வியைத்தான் ஜனவரியிலிருந்து நான் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் கதறுகிறேன், நீர் கையை மூடிக்கொண்டு நிற்கிறீரே, உமக்கு மனசு இல்லையா என்று. மூடிய கைக்குப் பின்னால் இருப்பது மனசில்லாமை அல்ல என்று இந்தத் துறைமுகத்தில் என்னைவிட அறிந்தவன் யார்? அன்று எஸ்தரை எழுப்பினேன்; இருவரும் சேர்ந்து அழுதோம். அதன்பின் ஜெபிக்க முடிந்தது.

அந்தோணி திரும்பி வேலைக்கு வந்தார். ஆனால் அந்த இடத்தில் மறுபடி நிற்கவில்லை. "வாத்தியார நிறுத்துங்க. எனக்கு இனிமே கை நிக்காது" என்று அவரே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார். அப்படித்தான் எனக்குக் கை காட்டும் இந்த வேலை வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சூசை கட்டையை ஊன்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பொட்டலம் கருவாடு. எஸ்தர் காப்பி கொடுத்தாள்.

"மல்லாந்து கெடக்கவனுக்கு வேற என்ன சோலி? அந்த அலைய யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். முந்தி வந்தது சின்னதுதான். அதுல தூக்கியிருந்தா இடுப்போட போயிருப்பேன்" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "உமக்குத் தொண்டை இல்ல, எனக்குக் காலு இல்ல. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு ஆளு தேறும்" என்றான்.

எஸ்தர் சிரித்துவிட்டு உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சூசைக்கு இப்போது வலை பின்னுகிற வேலை. அவனுக்கு அது போதவில்லை. எனக்கு அது தெரியும். ஒவ்வொரு மாதமும் போய்ப் பார்க்கிறேன்.

என் குரல் வரவில்லை. இனி வரும் என்றும் நான் சொல்லமாட்டேன். என் வேலை இன்றும் தற்காலிகம்தான். நாளை கப்பல் வருமா என்று தெரியாமல்தான் படுக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் மட்டும் போய்விட்டது. குரல் இருந்திருந்தால் அன்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து கத்தியிருப்பேன். சூசை இருந்திருக்கமாட்டான்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் யாரோ ஒருவர் பல மாதமாக ஒன்றையே கேட்டுச் சோர்ந்திருக்கலாம். உங்களுக்குத்தான் இதை எழுதினேன். கீழே கிடப்பவனுக்கு அலை தெரியாது. மூடிய கை மட்டும்தான் தெரியும். மேலே நிற்கிறவர் அலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரை நம்பி இன்னும் கொஞ்சம் பொறுத்திருங்கள்.