படலைக்கு வெளியே சொன்ன செபமாலை

எங்கள் தீவுக்கு வாந்திபேதி வந்த வருடம் எனக்கு இருபத்திரண்டு வயது. கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மாரி மழை விட்டு வெள்ளம் வற்றத் தொடங்கிய கிழமையில் பக்கத்து ஊரான சரவணையிலிருந்து முதல் ஆளை அம்புலன்சில் கொண்டுபோனார்கள். பத்து நாளுக்குள் எங்கள் கரையோர ஒழுங்கைகளுக்கும் வாந்திபேதி வருத்தம் வந்துவிட்டது. சுகாதாரப் பரிசோதகர் கிணறுகளுக்குள் மருந்துத்தூள் போட்டார். தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் அந்த மணம் போகவில்லை. சனம் கூடக்கூடாது என்றபடியால் பூசை நின்றது. மீன் வாங்க வருவார் இல்லாமல் வள்ளங்களைக் கரையில் இழுத்துப்போட்டார்கள்.

எங்கள் பங்குச் சுவாமியார் அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் கோயில் முற்றத்துக்கு எங்களில் ஆறு பேரைக் கூப்பிட்டு, தள்ளித்தள்ளி நிற்கச்சொன்னார்.

“கடவுளும் தங்களைக் கைவிட்டிட்டார் எண்டு நோய் வந்த வீட்டுச் சனம் நினைக்கக்கூடாது. பின்னேரத்தில அவையின்ர படலைக்கு முன்னால நிண்டு செபமாலை சொல்லுங்கோ. முதல் பாதியை நீங்கள் வெளியில நிண்டு சொல்லுங்கோ. மற்றப் பாதியை அவை உள்ளுக்கு இருந்து சொல்லட்டும். ஆனா ஒருத்தரும் படலையைத் தாண்டிப் போகக்கூடாது. எனக்கு வாக்குத் தாங்கோ.”

நாங்கள் வாக்குக் கொடுத்தோம்.

எனக்குக் கிடைத்தது கடலோரம் முடிகிற ஒழுங்கையின் கடைசி வீடு. பிள்ளைகள் இல்லாத ஒரு மீன்பிடிக் குடும்பம். அந்த அக்காவை எனக்குப் பூசையில் கண்டு பழக்கம். பாட்டுப் பாடும்போது எல்லாரும் நிறுத்தின பிறகும் ஒரு சொல் கூடுதலாக இழுப்பா. சின்னப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். முதலில் நோயில் படுத்தது புருசன்தான். நான் போன முதல் நாள் இரண்டு குரலும் கேட்டன. அவருடையது முனகல், அவவுடையது வழக்கம்போலப் பிந்தி முடிகிற குரல். தென்னோலைக் கிடுகு வேலிக்கு அப்பால் ஆளைத் தெரியாது. நான் “அருள் நிறைந்த மரியே” என்று தொடங்குவேன், உள்ளேயிருந்து மிச்சம் வரும்.

அடுத்த நாள் அம்புலன்ஸ் வந்து அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. கூடப் போக அவவை விடவில்லை. அன்றைக்கும் மறுநாளும் அவ தனியப் பதில் சொன்னா. செபம் முடிந்ததும், “அவருக்கு எப்படியாம், ஏதும் அறிஞ்சனீரோ?” என்று கேட்பா. எனக்கு ஒன்றும் தெரியாது. “சுகமாகி வருவார் அக்கா” என்று வேலியைப் பார்த்துச் சொல்லுவேன்.

நாலாம் நாள் நான் வாய் திறக்கமுதல் அவ கூப்பிட்டா. குரல் மண்ணுக்குக் கிட்ட இருந்து வந்தது.

“பிள்ளை, எனக்கும் வந்திட்டுது. எழும்ப ஏலாமக் கிடக்கு. ஒருக்கா உள்ளுக்கு வந்து கொஞ்சத் தண்ணி வார்த்துத் தாரும்.”

என் கை படலையின் மேல்கம்பில் இருந்தது. கொழுக்கி போடவில்லை, தள்ளினால் திறக்கும். வீட்டில் எனக்குப் பின்னால் நாலு சகோதரம், அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம். கொடுத்த வாக்கும் இருந்தது. இதையெல்லாம் நான் அந்த இடத்தில் யோசித்தேனா, பிறகு எனக்காகச் சேர்த்துக்கொண்டேனா, இன்றைக்கும் தெரியாது. பயந்தேன் என்பதுமட்டும் தெரியும்.

“சுவாமி உள்ளுக்குப் போகவேண்டாமெண்டவர் அக்கா. நான் ஓடிப்போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்.”

“சரி பிள்ளை. அப்ப செபத்தைச் சொல்லிப்போட்டுப் போம். விட்டிட்டுப் போகாதையும்” என்றா.

நான் ஓடியிருக்கவேண்டும், அல்லது உள்ளே போயிருக்கவேண்டும். இரண்டையும் செய்யாமல் செபமாலையைத் தொடங்கினேன். வேகமாகச் சொன்னேன். அவ ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னா. மரண நேரத்திலும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று வருகிற இடம் வரவரத் தேய்ந்தது. செபமாலையின் ஐந்து பத்துகளில் நாலாவது பத்தின் நடுவில் பதில் வரவில்லை. நான் காத்திருந்தேன். கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, இப்போது எழுதவும் கூசுகிறது, இரண்டு பாதியையும் நானே சொல்லி ஐந்தாம் பத்தையும் முடித்துவிட்டுத்தான் சுவாமியாரிடம் ஓடினேன். நிறுத்தினால் அவ செத்துவிட்டா என்று ஆகிவிடும்போல இருந்தது.

சுவாமியார் சைக்கிளில் எனக்கு முன்னால் போனார். சைக்கிளை ஒழுங்கையில் விழவிட்டுவிட்டு, படலையைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே போனார், ஒரு கணம்கூட நிற்கவில்லை. நான் அப்போதும் வெளியில்தான் நின்றேன். வெளியே வந்தபோது அவருடைய அங்கியின் முழங்கால் பக்கம் நனைந்திருந்தது.

“முடிஞ்சுது. குடத்தடிக்குத் தவண்டு போயிருக்கிறா. குடம் கவிண்டு கிடக்கு” என்றார்.

“நான் உள்ளுக்குப் போயிருக்கவேணும் சுவாமி.”

அவர் என்னைப் பார்த்து, “ஓம்” என்றார். பிறகு, “போயிருந்தா நாளைக்கு உமக்கும் நான் சாகிற நேரத்து அவஸ்தைப் பூசுதல் குடுக்கவேண்டி வந்திருக்கலாம். வேண்டாமெண்டு சொன்னவன் நான். என்னிலயும் பாதிப் பிழை கிடக்கு பிள்ளை” என்றார். அவர் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அவரை நம்பியிருக்கமாட்டேன்.

வருத்தம் ஓய்ந்து கோயில் திறந்தபோது ஊர் என்னைப் புகழ்ந்தது. உயிருக்குப் பயப்படாமல் வேலி வேலியாகச் செபம் சொன்ன பெட்டை என்றார்கள். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் உள்ளுக்குள் குறுகிப்போனேன். தனிய இருந்து செபமாலை சொல்லும்போது, என் பாதி முடிந்ததும் யாரோ பிந்தி இழுத்து முடிப்பதுபோல ஒரு குரல் காதில் வரத்தொடங்கியது. கண்ணைத் திறந்தால் ஒருவரும் இல்லை. மாதக்கணக்காகச் செபமாலையைத் தொடாமல் இருந்தேன்.

அந்த அக்காவின் புருசன் பிழைத்து வந்திருந்தார். நான் அவரைக் கண்டால் வேறு பக்கத்தால் போய்விடுவேன். ஒருநாள் பூசை முடிந்து சனம் போனபிறகு, கோயிலுக்குள் நான் இருந்த கடைசி மரவாங்கில் வந்து இருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது.

“தங்கச்சி, கடைசி நாள் அவள் பதில் சொன்னவளோ?”

“ஓம் அண்ணை. நாலாம் பத்து வரைக்கும் சொன்னவ.” இனி ஒளிக்க ஏலாது என்று பட்டது. “அண்ணை, அவ என்னட்டைத் தண்ணி கேட்டவ. நான் உள்ளுக்குப் போகேல்லை.”

அவர் பீடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடிப்பார், கத்துவார் என்று நினைத்தேன். அதை விரும்பினேன் என்றும் சொல்லலாம்.

“ஆஸ்பத்திரியில எனக்குப் பக்கத்துக் கட்டிலில மண்டைதீவு மனிசன் ஒருவர் கிடந்தவர்” என்றார் கடைசியில். “பயமாக் கிடக்கு, என்ர கையைப் பிடி எண்டு கேட்டவர். எனக்குக் கொஞ்சம் சுகம் வந்த நேரம். திரும்பவும் தொத்திப்போடுமெண்டு நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தனான். விடிய ஆள் இல்லை. இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

நாங்கள் ஒருவரை ஒருவர் மன்னிக்கவில்லை, அது எங்களுடைய வேலையாகவும் தெரியவில்லை. அவர் வாங்கிலிருந்து இறங்கி முழங்காலில் நின்றார்.

“அந்த மனிசனுக்காகவும் ஒருக்காச் சொல்லும் தங்கச்சி. எனக்குத் தனியச் சொல்ல வருகுதில்லை.”

“அவரின்ர பேர் என்ன?”

“கேக்கேல்லை.”

பேர் தெரியாத அந்த மனிதருக்காக நான் சிலுவை அடையாளம் போட்டுத் தொடங்கினேன். வெளியே வேதக்காரர், சைவக்காரர் என்றில்லாமல் சனம் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. முதல் பாதியை நான் சொன்னேன், மற்றப் பாதியை அவர் சொன்னார். இரண்டு பேரும் ஐந்து பத்தையும் முடிக்கும்வரை எழும்பவில்லை.