ஊஞ்சலுக்கு என் எடை

எங்கள் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதை ஓரமாகப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பூங்கா அமைக்கத் திட்டம் போட வந்தவர், எதையும் உட்கார்ந்து பார்த்த பிறகே நம்புவார். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவர், கல், குழாய் என்று எல்லாவற்றிலும் உட்கார்ந்தார். பிறகு கமிட்டிக்காரனான என்னிடம், "அண்ணே, உங்க எடை என்ன?" என்றார்.

"ஊஞ்சல் பிள்ளைங்களுக்குத்தானே, சயா?" என்று பர்மிய மரியாதையோடு கேட்டேன்.

"பிள்ளைங்க பள்ளிக்கூடம் போனப்புறம் யாரு ஆடுவாங்க?"

"பெரியவங்க ஒருத்தரும் ஆட மாட்டாங்க" என்று அடித்துச் சொன்னேன். எடையிலும் பதினைந்து கிலோ குறைத்தே சொன்னேன். அவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

திறப்பு விழாவுக்கு மறுநாள் காலை, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தேன். கிரீச்சென்று ஒரு சத்தம்கூட இல்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அந்த மனிதர் நம்பவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.