இரண்டு கியர்பாக்ஸ்களும் ஓர் இறக்கமும்

கருகிய வெங்காயமும் அழுகிய முட்டையும் சேர்ந்தது போன்ற ஒரு நெடி கியர் ஆயிலுக்கு உண்டு. இன்றைக்கும் ஏதாவது ஒர்க்‌ஷாப்பைக் கடக்கும்போது அது மூக்கில் ஏறினால் கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுவேன். நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம், புனே பக்கம் தாபோடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பு விடக்கூட இடமில்லாமல் இரண்டு கியர்பாக்ஸ்கள் சாக்கின் மேல் கிடந்தன. வீடு முழுக்க அந்த நெடிதான். சாம்பாரில்கூட அது இருந்ததாக அம்மா சாதிப்பாள்.

அப்பா தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்த கையோடு ஒரு பழைய டீசல் பிக்கப்பை எடுத்துக்கொண்டு கிளம்புவார். பின்னால் டிராலியில் வாடகை ஜெனரேட்டர். கல்யாண வீடுகளுக்கும், ரஞ்சன்காவ் பக்கம் கரண்ட் இல்லாத கட்டட வேலைகளுக்கும் அதை இழுத்துக்கொண்டு போவார். அந்த வண்டியின் கியர்பாக்ஸ்தான் அரைபட்டுப்போய்க் கையை விரித்திருந்தது. அதே நாலு கியர் பெட்டியைப் பிரித்துச் சரிபண்ணலாம். வண்டி முனகிக்கொண்டு மெதுவாகப் போகும், ஆனால் கீழ் கியர்களுக்குப் பலம் உண்டு. அல்லது "கபாடி" என்கிற பழைய இரும்புக் கடையில் கிடைத்த, சின்ன வண்டியிலிருந்து கழற்றிய ஐந்து கியர் பெட்டியை மாட்டலாம். நெடுஞ்சாலையில் டீசல் மிச்சமாகும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கம்பக்கத்து ஆண்கள் டீ டம்ளரோடு கூடி நின்று, "பாஞ்ச் கியர் டாலோ அண்ணா", அஞ்சு கியரையே போடு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டில் திருநெல்வேலித் தமிழ் என்பதால் அம்மா கேட்டது இப்படி இருந்தது: "ஏறுததெல்லாம் சரிங்க. எறங்கும்போது அம்புட்டுப் பாரத்தையும் எது புடிச்சு நிறுத்தும்?" அப்பா சிரித்தார். "ஒங்கம்மைக்கு மாடிப்படி எறங்கவே பயம்" என்று என்னிடம் கண்ணடித்தார். ஐந்து கியர் பெட்டி ஏறியது.

ஜெனரேட்டர் போகும் கல்யாணங்களில் எங்களுக்கும் பந்தியில் இடம் உண்டு. குடும்பத்தோடு வரவில்லை என்றால் மராட்டி வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அப்படித்தான் சாஸ்வட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டு, அங்கேயே தங்கி, மறுநாள் காலையில் திவே காட் மலைப்பாதையில் புனேக்கு இறங்கினோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான். கியர்க் கம்பி என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

முதல் வளைவிலேயே டிராலி எங்களைப் பின்னாலிருந்து தள்ளுவது தெரிந்தது. கீழ் கியரில் இஞ்சின் முக்கிப் பிடிக்க வேண்டியதைப் பிரேக்கே பிடிக்க வேண்டியிருந்தது. காந்தல் வாடை வந்தது. அப்பா மூன்றாவதை எடுத்துவிட்டு இரண்டாவதுக்கு இழுத்தார். புதுப் பெட்டியில் கியர்கள் இடம் மாறியிருந்தன, கையோ பல வருடப் பழக்கத்தில் பழைய இடத்துக்கே போனது. நறநறவென்று சத்தம் கேட்டதே தவிர கியர் விழவில்லை. வண்டி எந்தக் கியரிலும் இல்லாமல் உருள ஆரம்பித்தது.

அதுவரை இஞ்சின் சத்தம்தான் பயம் என்று நினைத்திருந்தேன். அது அடங்கிக் காற்று மட்டும் சீறியபோது எனக்கு மூத்திரம் போய்விட்டது. மிதித்த பிரேக் பொதுக்கென்று உள்ளே போனது. அப்பா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏளா, கதவத் தொறந்து பிள்ளயோட குதிச்சிரு" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

அம்மா குதிக்கவில்லை. என்னை இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டு, "கியரப் போடுங்க" என்றாள். அப்பா ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து, கம்பியைத் தேடி இழுத்தார். இரண்டாவது விழுந்தது. இஞ்சின் அலறியது. அப்படியே வண்டியை இடப்பக்கம் ஒடித்து மலைப்பாறையோடு உரசவிட்டார். வண்டி நின்றபோது அம்மா பக்கத்துக் கதவு அப்பளமாகியிருந்தது. அப்பா பக்கமாகத்தான் மூவரும் இறங்கினோம். அவர் ரோட்டோரம் உட்கார்ந்துகொண்டு என் ஈரப் பாவாடையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

பழைய நாலு கியர் பெட்டியே வண்டிக்குத் திரும்பியது. ஆனால் என் பயம் திரும்பிப் போகவில்லை. மேம்பாலம் இறங்கும் பஸ்ஸில்கூட ரொம்ப நாள் கம்பியை விடமாட்டேன். அப்பாவோ வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்வார். "குதின்னேன், குதிக்கலையே இவ. நம்மள நம்பி ஒருத்தி உக்காந்திருக்கான்னு தெரிஞ்சதும் கை நடுக்கம் நின்னுட்டு." அம்மா உள்ளே போய்விடுவாள், வெட்கம் என்று நினைத்துக்கொள்வோம்.

அந்த பிக்கப்பைக் காயலான் கடையில் பிரித்து விற்றாயிற்று. குவார்ட்டர்ஸ் இருந்த வரிசையையும் இடித்துவிட்டார்கள். விஷ்ராந்த்வாடியில் இப்போது நான் ஓட்டும் காரில் கியர் போடும் வேலையே இல்லை. அப்பாவும் போய்விட்டார். அவருக்குத் திதி கொடுத்த அன்று, இலையை மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு ஏன் குதிக்கவில்லை என்று.

"ரெண்டு தடவ இழுத்துப் பாத்தேன் ளா" என்றாள். "கதவு தொறக்கல."