டெலிபோனுக்குத் தண்ணீர் ஊற்றிய கோடை

கோவில்பட்டியில் பருத்தி மண்டி வைத்திருந்த அபுதாஹிர் ராவுத்தர் யாரையும் அதட்டி அறியாதவர். பருத்திச் சுளையைக் கையிலெடுத்து இழை பார்ப்பதே அதற்கு வலித்துவிடுமோ என்பதுபோல் இருக்கும். சுற்றுவட்டத்தில் வெள்ளாமை செய்யும் சம்சாரிகள் வண்டியில் கொண்டுவந்து இறக்கும் பருத்தியை மதுரை மில் ஒன்றுக்கு லாரியில் ஏற்றிவிடுவது அவர் தொழில். தொழில் என்றால் அந்த ஒரு மில்தான். வேறு போக்கிடம் கிடையாது.

அறுபதாம் வருஷம் மாசி முடிகிற சமயத்தில் அந்த மில்லின் மானேஜர் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். தபாலில் விலை கேட்டு, தபாலில் பதில் போட்டு, அதற்குள் விலை மாறிப்போகிற கூத்தெல்லாம் போதும். இனி டெலிபோன் இருக்கிற மண்டியில்தான் கொள்முதல். சித்திரை பிறந்த முதல் வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்குமுன் கூப்பிடுவேன். எடுத்தால் இந்த வருஷத்துப் பருத்தி உங்களோடு, எடுக்காவிட்டால் விருதுநகரோடு.

ஆகவே டெலிபோன் வந்தது. கறுப்புப் பெட்டி, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்சில் மணி அடிக்கும், ராதாமணி என்கிற பெண் “நம்பர்?” என்பாள். லைன்மேன் மந்திரமூர்த்தி போஸ்டிலிருந்து ஒற்றைக் கம்பியை இழுத்துப் பெட்டியில் சேர்த்தார். பெட்டியிலிருந்து இன்னொரு கம்பியைக் கடையின் பின்சுவர் வழியே சந்துக்கு இறக்கி, ஒரு குழியில் அடித்திருந்த இரும்புக் கடப்பாரையில் கட்டினார். பேச்சு வர ஒரு கம்பி, திரும்பிப் போக மண் என்று விளக்கமும் சொன்னார். சுவரில் இறங்கிய கம்பிக்குக் குழாயும் இல்லை, மூடியும் இல்லை. ஆணிக்கு ஆணி தொங்கியது. குழாய் கேட்டு மேலே எழுதியிருக்கிறது, வரும் என்றார். குழிக்குள் கரியும் கல்லுப்பும் கொட்டி மூடிவிட்டு, போகிறபோது சொன்னார்:

“மொதலாளி, தினமும் இதுல ஒரு குடம் தண்ணி ஊத்திருங்க. கரிசல் காஞ்சா வெடிச்சிரும். வெடிச்சா கம்பியைக் கைவிட்டுரும். அப்புறம் நீங்க பேசுறது உங்களுக்கே கேக்காது.”

கோவில்பட்டிக் கோடையில் ஒரு குடம் தண்ணீரா? அபுதாஹிரின் மனைவி மெஹராஜ் பேகம் முதல் நாளே இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள்.

“தொழுகைக்கு முந்திக் கைகால் கழுவி ஒளு எடுக்க நாங்க செம்புத் தண்ணியை நாலாப் பங்கு வச்சிக்கிட்டுக் கெடக்கோம். உங்க டெலிபோனு குடத்துல குளிக்குதோ?”

ஊற்றத்தான் செய்தாள். தெருப் பெண்கள் அதைப் பார்க்கவே வந்தார்கள். நாள் முழுக்கப் பேசுகிறதல்லவா, தொண்டை வறளும்தான் என்று ஒருத்தி நியாயம் சொல்லிவிட்டுப் போனாள்.

சந்துக்கு எதிர்ப்புறம் நந்தகோபால் கோனாரின் ஆட்டுக்கிடை. ஆடுகளுக்கு விஷயம் எட்டிவிட்டது. ஈர மண், அதில் ஊறிய உப்பு. மேய்ச்சலிலிருந்து திரும்புகிற மந்தை நேராகக் குழிக்கு வந்து நக்கியது. குளம்பால் பறித்துப் பறித்து நக்கியது. உப்பு சலித்தபோது கம்பிமேல் சுற்றியிருந்த பருத்தி நூலைக் கடித்தது. தன் சரக்கே தனக்கு எதிரியானதை எண்ணி அபுதாஹிர் மனம் நொந்தார். கோனாரிடம் இதமாகச் சொல்லிப் பார்த்தார். உப்பு வைத்துவிட்டு ஆட்டைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம் என்று கோனார் கேட்டார்.

ஒருநாள் மதுரைக்குப் பேச அவர் கைப்பிடியைச் சுற்றினார். சந்தில் ஓர் ஆடு, எந்த ஆடும் போடாத சத்தம் ஒன்றைப் போட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், கிடா ஒன்று தள்ளி நின்று சுவரை வெறித்துக்கொண்டிருந்தது. அபுதாஹிருக்கு விளங்கிவிட்டது: கைப்பிடியைச் சுற்றினால் எழும் மின்சாரம் கம்பியைக் கடித்த ஆட்டுக்குள்ளும் பாய்கிறது. மணிக்குப் பல் உண்டு.

அன்றிலிருந்து வெளியே குளம்புச் சத்தம் கேட்டால் உள்ளே கைப்பிடி சுற்றும். ஆடு துள்ளும். எக்ஸ்சேஞ்சிலிருந்து “நம்பர்?” என்று ராதாமணி கேட்பாள்.

“நம்பர் ஒண்ணுமில்ல தாயி. ஆடு.”

சில நாள் பொறுத்தாள். பிறகு, இனி ஆட்டுக்காக மணி அடித்தால் மேலே எழுதிப்போட்டு லைனையே கழற்றச் சொல்லிவிடுவேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அபுதாஹிர் கைப்பிடியைவிட்டுக் கையை எடுத்தார். யோசித்து, குழியைச் சுற்றி வேலி போடுவதென்று முடிவுசெய்தார். பருத்தி தவிர வேறெதுவும் தெரியாத மனுஷர். முள் என்றால் முள்தானே என்று ஒரு வண்டி உடைமரத்துப் பச்சை முள்ளை இலையோடு வெட்டிவரச் சொல்லி, ஆள் உயரத்துக்கு அடைத்துவைத்தார். நந்தகோபால் கோனார் வந்து வேலியைச் சுற்றிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, உப்பு வச்சீங்க. தண்ணி வச்சீங்க. இப்பம் உடங்குழையும் வெட்டிப் போட்டிருக்கீங்க. எம் மக கல்யாணத்துல சம்பந்திக்குக்கூட நான் இப்படிச் செய்யல.”

முள்ளைவிட்டு இலையை மட்டும் உருவித் தின்ன ஆட்டுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? வேலி சித்திரை பிறப்பதற்குள் குச்சியாகிவிட்டது. மானேஜர் சொன்ன வெள்ளிக்கிழமை காலையில் அபுதாஹிர் சந்துக்குப் போனபோது, சுவரில் இறங்கிய கம்பி முழங்கால் உயரத்தில் அறுந்து அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மீதியைக் காணோம்.

மந்திரமூர்த்தி கடம்பூரில், வெடித்த கரிசலில் சாய்ந்த போஸ்டை நிமிர்த்தப் போயிருந்தார். மண்டியில் சாக்கு இருந்தது, சணல் இருந்தது. ஒரு சாண் கம்பி இல்லை. இரும்புக்கடைக்கு ஓடிய ஆள் திரும்பக் காணோம். ஜும்மா நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அபுதாஹிர் அறுந்த நுனியைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், எதிரே நின்ற கோனாரைப் பார்த்தார். ஆட்டுக்குள் புகுந்து மண்ணுக்குப் போன மணி, ஆளுக்குள் புகுந்து போகாதா?

குழியில் நின்று கம்பி நுனியைப் பிடிக்க முடியுமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டார். கோனார் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார்.

“அப்படீன்னா ஆட்டையே புடிக்கச் சொல்லலாமே?”

“ஆடு விட்டுட்டு ஓடிரும் கோனாரே. நீரு நிப்பீரு.”

இப்படி ஒரு நம்பிக்கையை நந்தகோபால் கோனார் மேல் யாரும் வைத்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குழியில் இறங்கினார். அன்றைக்கு வீட்டிலிருந்த தண்ணீர் முழுவதையும் மெஹராஜ் பேகம் அவர் காலடியில் ஊற்றினாள். அவர் கம்பியைப் பிடித்தார்.

மணி அடித்தது. மணியோடு சேர்ந்து கோனாரும் அடித்தார். இரண்டு சத்தத்துக்கும் ஊடே அபுதாஹிர் ரிசீவரை எடுத்தார். மதுரை தெளிவாகக் கேட்டது. அதென்ன அங்கே அலறல் என்பதுதான் மானேஜரின் முதல் கேள்வி.

“சம்சாரிய கூட்டம் ஐயா. விலை என்னன்னு துடிக்காங்க.”

மானேஜருக்குத் திருப்தி. வருஷத்துப் பருத்தி மொத்தமும் உங்கள் மண்டிதான் என்றார். இனி தினமும் காலையில் விலை சொல்லக் கூப்பிடுவேன், உடனே எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

“தினமும் கூப்பிடுதீங்களா? ரொம்ப சந்தோஷம் ஐயா,” என்றார் அபுதாஹிர், கண்கலங்க.

பின்சுவர்ச் சன்னலுக்கு வெளியேயிருந்து நந்தகோபாலின் குரல் வந்தது: “தினமுமா?”

அபுதாஹிர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். கோனார் ஒரு காலைக் குழியிலிருந்து எடுத்திருந்தார்.

“காலை உள்ள வையும்வே,” என்று வாழ்நாளில் முதன்முறையாக ஒரு மனுஷரை அதட்டினார். “லாரி எப்ப வருதுன்னு இன்னும் கேக்கல.”