குடைக்கம்பி

பல் சுகாதாரப் படிப்பில் சேர்ந்த சில மாதங்களிலேயே அவளுக்கு மனிதர்களின் முகங்கள் மறக்கத் தொடங்கின, பற்கள்தான் நினைவில் நின்றன. பேருந்தில் எதிர் இருக்கைக்காரர் சிரித்தால் கழுத்தை நீட்டிக் கீழ்வரிசையை எட்டிப் பார்ப்பாள். யாராவது கொட்டாவி விட்டால் முகம் மலர்ந்துவிடும். வகுப்பில் அவளுக்குக் 'கொட்டாவி' என்றே பட்டப்பெயர்.

இறுதிச் செய்முறைத் தேர்வுக்கு நோயாளியை மாணவிதான் தேடிப் பிடித்து வர வேண்டும். ஏதோ ஒரு நோயாளி போதாது. காறை, அதாவது எச்சிலும் அழுக்கும் சேர்ந்து பல்லில் கல்லாக இறுகிய படிவு, குறைந்தது பன்னிரண்டு பற்களிலாவது கெட்டியாக இருக்க வேண்டும். சுத்தமான வாயோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால் அன்று தேர்வு கிடையாது. அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்துத்தான். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் பட்டம் வாங்கியவர் யாரும் இல்லை. ஆறு மாதம் தள்ளிப்போனால் அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

"ஊர்ல எல்லாரும் பல்லு தேய்க்க ஆரம்பிச்சுட்டாங்கடி. நம்ம பொழப்பு கந்தலாயிடும் போலிருக்கு" என்றாள் பக்கத்து நாற்காலித் தோழி. வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு 'வானொலி' என்று பெயர்.

கல்லூரிக் கிளினிக்கில் அதிர்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. முதல் நோயாளி ஒரு பள்ளிக் காவலாளி. அவள் விரலை நறுக்கென்று கடித்துவிட்டு, "மன்னிச்சுக்கம்மா, வாய்க்குள்ள எது வந்தாலும் கடிச்சே பழகிடுச்சு" என்றார். பிறகு ஒரு தையல்காரர் வந்தார். அவருடைய காறை ஒரே பாளமாகப் பெயர்ந்து நாக்கில் விழுந்தது. பல்லையே பெயர்த்துவிட்டாள் என்று நினைத்தவர் கழுத்தில் கட்டிய துண்டோடு எழுந்து போனவர்தான், அவரும் திரும்பவில்லை, துண்டும் திரும்பவில்லை. வானொலி அதை ஒரு மாதம் ஒலிபரப்பினாள்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, வீட்டில் அப்பா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எதற்கோ வாய்விட்டுச் சிரித்தார். விளக்கு நேராக அவர் வாய்க்குள் அடித்தது.

"அப்பா, அசையாத. வாயைத் திற."

கைபேசி வெளிச்சத்தை உள்ளே பாய்ச்சியவள் அப்படியே நின்றுவிட்டாள். கீழ்வரிசை முன்பற்கள் ஆறும் தனித்தனியாக இல்லை. பின்னால் பழுப்பும் கறுப்புமாக ஒரே சுவராக இறுகிக் கிடந்தன. இருபத்திரண்டு வருடம் ஒரே கூரையின்கீழ் இருந்திருக்கிறாள். ஊரார் வாயையெல்லாம் பார்த்தவள், இந்த வாயை ஒருநாளும் பார்த்ததில்லை.

"என்னப்பா இது, பல்லா, பாறையா? நாத்தம் வேற. பாக்கவே வெக்கமா இருக்குப்பா."

அப்பா வாயை மூடிக்கொண்டார். உதட்டைக் கையால் துடைத்தார். "வேலை செய்யற இடத்துல ஆவி, தூசி. அதான் பாப்பா" என்றார். துணி வெளுக்கும் ஆலையின் கொதிகலன் அறையில் அவருக்கு வேலை. கலனுக்குள் உறையும் உப்புக் கல்லைச் சுரண்டி எடுப்பதில் அவரை அடிக்க ஆளில்லை என்று மேற்பார்வையாளரே சொல்வார்.

கடைவாயிலும் காறைதான். தேடிய பன்னிரண்டுக்கு மேல் வீட்டிலேயே கிடைத்துவிட்டது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. படம் எடுத்துத் துறைத்தலைவியிடம் காட்டினாள். பகல் வேலையை விட்டு அப்பாவால் வர முடியாது என்பதால் படத்தைப் பார்த்தே ஒப்புதல் கொடுத்தார்கள். "அப்பா, அடுத்த வியாழக்கிழமை லீவு சொல்லிடு. என் பரீட்சைக்கு நீதான் உக்காரணும்" என்றாள். அவர் தலையாட்டினார். எதற்காக அவர், அவர் வாயில் இருக்கும் எது தேவை என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. உன் அழுக்குதான் எனக்கு மதிப்பெண் என்று பெற்ற அப்பாவிடம் எந்த வாயால் சொல்வது?

வியாழக்கிழமை காலை அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஏழாம் எண் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் ஆய்வாளர் வருகிற நாளன்று அவள் காலணிக்கு மெருகேற்றிவிட்டு நிற்பாரே, அதே பெருமிதம் முகத்தில் இருந்தது. அவள் கையுறை மாட்டி, விளக்கைத் திருப்பி, வாய்க்கண்ணாடியை உள்ளே விட்டாள்.

சுவரைக் காணவில்லை.

முன்பற்கள் வெள்ளையாக இருந்தன. இடையிடையே இடுக்குகள். ஈறு மட்டும் கந்தலாக இருந்தது. சிவந்து, வீங்கி, நீளநீளமாகக் கீறல்கள், ஓரிரு இடங்களில் காய்ந்த ரத்தம். கம்பியால் மெல்லத் தொட்டபோது நடுப்பல் ஒன்று ஆடியது. நோயாளி மாறி உட்கார்ந்துவிட்டாரோ என்று ஒரு நொடி முகத்தைப் பார்த்தாள். அப்பாதான்.

"என்னப்பா பண்ண?"

"சுத்தம் பண்ணிட்டு வந்தேன்." குரலில் அடக்கமான பெருமை. "நாலு நாளா சாப்பாட்டு இடைவேளையில கொஞ்சம் கொஞ்சமா. உங்க மேடம் முன்னாடி நீ வெக்கப்படக் கூடாதில்ல?"

சட்டைப் பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு பழைய குடைக்கம்பி. நுனியை அரம்போட்டுச் சீவி, அரிவாள்போல வளைத்திருந்தார். அவள் தட்டில் கிடந்த கருவிக்கும் அதற்கும் கைப்பிடியில்தான் வித்தியாசம்.

தேர்வுக்குச் சுத்தமான வாய் வேண்டும் என்றுதான் எந்த மனிதனும் நினைப்பான். நோயாளியின் வாய் நாற வேண்டும் என்று கேட்கிற பரீட்சை உலகத்தில் உண்டு என்று அவருக்கு யார் சொன்னது? அவள் சொன்னதெல்லாம் வெட்கமாக இருக்கிறது என்பது மட்டும்தான். அதைத்தான் அவர் நாலு நாள் கம்பியால் சுரண்டியிருக்கிறார், மரத்துப்போகும் மருந்துகூட இல்லாமல்.

பக்கத்து நாற்காலியிலிருந்து வானொலி எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் முதல்முறையாக அவள் ஒலிபரப்பு நின்றது. பிறகு கிசுகிசுத்தாள். "பின்னாடி பல்லெல்லாம் பாத்தியா? கம்பி அங்க எட்டியிருக்காதுடி."

எட்டியிருக்கவில்லை. அவள் எண்ணினாள். கடைவாயில் மேலும் கீழுமாகப் பதின்மூன்று பற்களில் காறை அப்படியே இருந்தது. பன்னிரண்டு போதும்.

"அப்புறமென்ன, ஆரம்பி. இவ்வளவு காறைக்கு ஈறு ரத்தம் விடாம இருந்தாத்தான் அதிசயம். யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் வானொலி.

காயம்பட்ட ஈறோடு வருகிறவரை அன்று தொடக் கூடாது என்பது விதி. வாய் முழுவதையும் சுத்தம் செய்தால்தான் தேர்வு முடியும், அந்தக் கீறல்கள்மேலும் கருவி போக வேண்டும். அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "தப்புப் பண்ணிட்டேனா பாப்பா? பரவால்ல, நீ செய். நான் மூச்சு விட மாட்டேன். கேட்டா முள்ளு குத்திடுச்சுன்னு சொல்லிக்கறேன்."

தேர்வாளர் மூன்றாம் நாற்காலியில் இருந்தார். இங்கே வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அவள் ஈறின் ஆழம் அளக்கும் கம்பியை எடுத்தாள். முன்பல் ஈறின் ஓரத்தில் வைத்தாள், அழுத்தக்கூட இல்லை. அப்பா சத்தம் போடவில்லை. நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப் போயின. நாலு நாளும் இப்படித்தான் எதையாவது பிடித்துக்கொண்டிருந்தாரா? கொதிகலன் அறையில் எதைப் பிடித்துக்கொண்டார்?

அவள் கம்பியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையை உயர்த்தினாள்.

வானொலி தலையில் அடித்துக்கொண்டாள்.

தேர்வாளர் வந்தார், குனிந்தார், நெடுநேரம் பார்த்தார். "யார் செஞ்சது?"

"நான்தான் மேடம். பாய்லர்ல கல்லு சுரண்டற கைதான்" என்றார் அப்பா, ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியிடம் பேசும் தோரணையில். "வேலை சுத்தமா வரலீங்களா?"

"என்மேலதான் தப்பு மேடம். எதுக்கு வரச் சொன்னேன்னு நான் அவர்கிட்ட சொல்லவே இல்ல" என்றாள் அவள்.

தேர்வாளர் குடைக்கம்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இந்த வளைவு யார் சொல்லிக் குடுத்தது?"

"பாப்பா வீட்ல பழகும்போது பாத்து வெச்சுக்கிட்டேன்."

"வளைவு சரியாத்தான் இருக்கு. ஆனா உங்க பாய்லருக்கு ஈறு கிடையாதுங்களே." அப்பா சிரிக்கப் போய், வலித்து, நிறுத்திக்கொண்டார்.

தேர்வாளர் தாளில் இரண்டு வரி எழுதினார். இன்று தேர்வு இல்லை. மருந்து கொடுத்து அனுப்ப வேண்டும், இரண்டு வாரம் கழித்துச் சாதாரண நோயாளியாக வர வேண்டும். "ஆறு மாசம் கழிச்சு வர்ற தேர்வுக்குப் பேரு குடுத்துடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எட்டாம் நாற்காலிக்குப் போனார். உண்மையைச் சொன்னதற்குப் பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. தான் செய்தது சரிதானா, அசட்டுத்தனமா என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை. இப்போதும் முழுதாகத் தெரியாது.

அவள் அப்பாவின் ஈறைக் கழுவி மருந்து தடவினாள். அவர் கைக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"இடுக்கு விழுந்திருக்கே. பல்லை உடைச்சுட்டேனா?"

"இல்லப்பா. இடுக்கு எப்பவும் இருந்தது. கல்லு மூடியிருந்துச்சு."

"ஆடுதே?"

"அதையும் கல்லுதான் பிடிச்சு வெச்சிருந்துச்சு."

அவள் விளக்கை அணைத்து, நாற்காலியை நிமிர்த்தினாள். அவர் எழுந்துகொள்ளாமல் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் பாப்பா, ஆறு மாசம் நான் பல்லே தேய்க்காம இருந்தா அந்தக் கல்லு மறுபடி வந்துடுமா? வந்துடும்னா இன்னைலேர்ந்தே விட்டுடறேன்."

காலையிலிருந்து பட்ட அதிர்ச்சியெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. முகக்கவசம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

இழுப்பறையிலிருந்து மென்மையான தூரிகை ஒன்றை எடுத்து உறையைக் கிழித்தாள். அப்பாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. நான் வந்து பாப்பேன்."

"அப்ப உன் பரீட்சை?"

"வேற வாய் தேடிக்கறேன்ப்பா" என்றாள். குடைக்கம்பியைத் துணியில் சுற்றித் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.