மாமன் மடிக்குக் காத்திருந்த கை

காலை ஏழு மணிக்குத் திண்டுக்கல்லில் கன்னிவாடி பஸ் ஏறினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம். சட்டைப் பையில் ஆசாரி செய்து தந்த ஒரு சோடி குட்டித் தோடு. தங்கை பாக்கியத்தின் மகள் செல்விக்கு மூன்று வயதாகிவிட்டது. காது குத்த நாள் குறிக்கத்தான் இந்தப் பயணம்.

"என்ன அப்பு, விசேசமா?" என்றார் கண்டக்டர். முகத்திலேயே தெரிந்திருக்கும் போல.

"மருமகளுக்குக் காது குத்து. தாய்மாமன் போகாம நடக்குமா?"

புகையிலைக் கிட்டங்கி வேலையைச் சாக்கு வைத்து, 'அடுத்த மாசம், அடுத்த மாசம்' என்று இழுத்தடித்த மாமன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் கத்தரித் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் வந்தன. எட்டரை மணிக்குக் கன்னிவாடியில் இறங்கி, மலையைப் பார்த்தபடி ஒரு மைல் நடந்தேன். வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறிவிட்டது.

வாசலில் பாக்கியம் நின்றாள். 'வாங்கண்ணே' என்று ஒரு வார்த்தை இல்லை. வழியை மறித்தாற்போல் நின்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வீடு தேடி வந்தவனை வான்னு கூப்பிட வாயில்லையா உனக்கு?" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

எதிர்வீட்டு அம்மாள் ஓடிவந்தார். "தம்பி, நிலைப்படியில வேப்பிலை கண்ணுக்குத் தெரியலையா? ஆத்தா வந்திருக்கா. வான்னும் சொல்லக் கூடாது, போன்னும் சொல்லக் கூடாது."

அப்போதுதான் வேப்பிலையைப் பார்த்தேன். உள்ளே வாழையிலையில் செல்வி கிடந்தாள். முகம் அடையாளம் தெரியவில்லை. காது மடலில்கூட முத்து இல்லாத இடம் இல்லை.

"அம்மை குத்துறவர் இந்தப் பக்கம் வரலையா?" என்றேன்.

"போன மாசமே வந்தாரு. நான்தான் பிள்ளையைத் தோட்டத்துல ஒளிச்சு வச்சேன்" என்றாள் பாக்கியம். "மொத ஊசி மாமன் மடியிலதான் படணும்னு இந்த வீட்டு வழக்கம். நீங்க வருவீக, காது குத்திட்டு அப்பறம் கையில குத்திக்கலாம்னு இருந்தேன்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு நிற்க இடம் தெரியவில்லை.

அவள் கணவர் கைக்குழந்தையோடு வேலியோரம் நின்றிருந்தார். "இவனுக்குக் குத்தியாச்சா மாப்ள?" என்றேன்.

"இல்ல மச்சான். இவனுக்கும் அதே வழக்கந்தான். இன்னைக்கு அம்மை குத்துறவரு மேலத்தெருவுல இருக்காரு. பாக்கியம் விடமாட்டேங்கிறா."

நான் தங்கையைப் பார்த்தேன். "என் மடியில வச்சுக் குத்தச் சொல்லுறேன். விடுவியா?"

அவள் வேலியோரம் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். பிறகு, "மாமன் மடின்னா சரிதான்" என்றாள்.

மேலத்தெருப் புளியமரத்தடியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மை குத்துகிறவர் மருந்தை அவன் கையில் தொட்டு வைத்து ஊசியைத் திருகியதும் பிள்ளை வீறிட்டான்.

"வீட்டுல அம்மை கண்டிருக்குங்கிறீங்க. முந்தியே குத்தியிருக்கலாமே? நீங்க பிள்ளைக்கு என்ன வேணும்?" என்றார்.

"தாய்மாமன்" என்றேன். காலையில் பஸ்ஸில் முழங்கிய அதே வார்த்தை. இப்போது தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். இந்த மருந்து முந்துமா, அந்த வீட்டு நோய் முந்துமா என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

அம்மை கண்ட வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. எனக்கு அது வசதியாகப் போயிற்று. பாக்கியத்தின் முகத்தைப் பார்த்து என்ன சொல்லியிருப்பேன்? வீட்டு வேலியோரம் பிள்ளையை அவன் அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். உள்ளிருந்து செல்வியின் குரல் கம்மலாகக் கேட்டது.

"மாமா தோடு கொண்டாந்தாகளாம்மா?"

மாலை நான்கு மணிக்குத் திண்டுக்கல்லில் இறங்கினேன். செல்வி வயதுதான் என் மகனுக்கும். வாசலில் சட்டையில்லாமல் விளையாடிக்கொண்டிருந்தான். இடது கையில் இரண்டு வட்டத் தழும்புகள். பிறந்த வருடமே நகராட்சி ஆள் வந்து குத்திவிட்டுப் போனது. அன்று அவனைப் பிடித்துக்கொண்டது யார் மடி என்றுகூட எனக்கு நினைவில்லை.